சொல்லுக் கேட்கும் வீடு

சிவக்கொழுந்து இறந்த காலை, அவளுடைய மகள் கேதீஸ்வரி அடுத்த அறையில் கட்டிலில் படுத்திருந்தாள். குசினியில் தேத்தண்ணிக்கு வைத்த கேத்தில் கொதித்துத் தண்ணீர் வற்றி, வெறும் உலோகம் காயும் மணம் வீடு முழுக்கப் பரவியது.

"அம்மா, அடுப்பைப் பாருங்கோ" என்று கேதீஸ்வரி கூப்பிட்டாள். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டாள். அந்த அறைக்கும் குசினிக்கும் இடையில் ஒரு ஹோல் மட்டும்தான். ஆனால் இடுப்புக்குக் கீழே உணர்வில்லாத அவளால், யாராவது தூக்கிச் சக்கர நாற்காலியில் இருத்தாமல் அந்த ஹோலைக் கடக்க முடியாது. முப்பது வருடமாக அப்படித் தூக்கியவள் இப்போது குசினி நிலத்தில் கிடந்தாள்.

பக்கத்து ஒழுங்கையில் தையல் தைக்கும் கிருசாந்திக்கு மதில் தாண்டி அந்த மணம் போயிருக்கிறது. அவள் ஓடிவந்து அடுப்பை நிறுத்தினாள். சிவக்கொழுந்தின் கையைப் பிடித்துப் பார்த்தாள். பிறகு அறை வாசலில் வந்து நின்றாள்.

"என்னைத் தூக்கிக்கொண்டுபோய் அம்மாவுக்குப் பக்கத்திலை விடும்" என்றாள் கேதீஸ்வரி.

இது யாழ்ப்பாணத்துக்கு மேற்கே உள்ள தீவில், புளியங்கூடலில், போன வருடத்துக்கு முந்திய மாசியில் நடந்தது.

கேதீஸ்வரிக்கு அப்போது ஐம்பது வயது. சண்டையால் தீவை விட்டு யாழ்ப்பாணத்தில் இருந்தபோது, தொண்ணூற்றைந்தில் பல்கலைக்கழகத்துக்கு எடுபட்டு, போகும் நாளைப் பார்த்திருந்த வேளையில்தான் யாழ்ப்பாணச் சனம் முழுக்க வெளியேறிய அந்தப் பெரிய இடப்பெயர்வு வந்தது. சாவகச்சேரிக்குப் போகும் வழியில் ஷெல் துண்டு ஒன்று அவள் முதுகெலும்பில் ஏறியது. தகப்பன் அதற்கு முன்பே இறந்துவிட்டார். அண்ணன் கணநாதன் பிரான்சுக்குப் போனான். தாயும் மகளும் கொஞ்சக் காலம் அங்கும் இங்கும் இருந்துவிட்டு, தீவுக்குத் திரும்பலாம் என்றதும் புளியங்கூடலுக்கு வந்து, கூரை இடிந்திருந்த தங்கள் வீட்டைத் திருத்திக்கொண்டு அதிலேயே இருந்தார்கள். அப்பப்பா மாத்தறையில் கடை நடத்திய நாளில் கட்டிய வீடு அது. முருகைக்கல் சுவர், ஒவ்வொன்றும் ஒரு முழத் தடிப்பு.

அம்மாவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின்னேரம் கணநாதன் தங்கையின் கட்டிலருகே கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். யாழ்ப்பாணத்தில் நல்ல மனிதர்கள் நடத்தும் ஓர் இல்லத்தை அவன் போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான்.

"அங்கை உன்னைப்போலை ஆக்கள் இருக்கினம். டொக்டர் வருவார். நேரத்துக்குச் சாப்பாடு. இஞ்சை உனக்கு ஆர் இருக்கினம்?"

"வீடு இருக்கு."

"வீடு உன்னைத் தூக்குமோ?"

அந்தக் கேள்வி அவளுக்கு வலித்தது. ஆனாலும் அவள் அதற்காகவே யோசித்து வைத்திருந்தவள்போலப் பேசினாள்.

"தூக்காது. ஆனா அம்மா செய்ததெல்லாம் தூக்கிற வேலை இல்லை அண்ணை. லைற் போடுறது, ஃபானை நிப்பாட்டுறது, தண்ணி மோட்டரைப் போடுறது, படலையிலை ஆர் எண்டு பாக்கிறது, கதவு திறந்து விடுறது. பாதி வேலை இதுதான். இதுகளை இப்ப போனிலையிருந்தே செய்யலாம். பெரிய விலையும் இல்லை. தூக்கிறதுக்குக் கிருசாந்தி காலமையும் பின்னேரமும் வாறன் எண்டு சொல்லிப்போட்டா."

"எல்லாம் முடிவெடுத்துப்போட்டுத்தான் இருக்கிறாய்."

"ஒரு வருசம், அம்மாவின்ரை ஆட்டைத்திவசம் வரைக்கும் விடுங்கோ. சரிவராட்டி நீங்கள் சொல்லுற இடத்துக்கு வாறன்."

கணநாதன் எழுந்து ஹோலின் மூலைகளைச் சுற்றிப் பார்த்தான். பிறகு "ஹோலிலை ஒரு கமராவும் பூட்ட வேணும். அதுக்குச் சம்மதமெண்டால் ஓம்" என்றான்.

கேதீஸ்வரிக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்தது. பின்னேரங்களிலும் இரவுகளிலும் சுவிஸ், ஜேர்மனி, கனடா என்று பரந்திருக்கும் தீவாரின் பிள்ளைகளுக்குப் போன் திரையில் தமிழ் படிப்பித்தாள். அதனால் வீட்டில் ஏற்கெனவே இணைய வசதி இருந்தது. மிச்சத்துக்கு ஊர்காவற்றுறையிலிருந்து கிளின்ரனைக் கூப்பிட்டாள். கிளின்ரன் வீட்டு வயறிங், கடைகளுக்குக் கமரா என்று தீவெங்கும் ஓடித் திரிகிற மனிதன்; நாற்பதைத் தாண்டியவன்; அதிகம் பேசமாட்டான். இப்படி முழு வீட்டுக்கும் செய்வது அவனுக்கு இதுதான் முதல் தடவை. அதை அவன் மறைக்கவும் இல்லை.

"சுவிச்சுக்கு ஒரு வயர்தான் வந்திருக்கு அக்கா. இந்தப் புதுச் சுவிச்சுக்கு ரெண்டு வேணும். சுவரை உடைச்சு இழுக்கிறதெண்டால் இந்தக் கல்லு விடாது."

"அப்ப?"

"மேலை லைற்றுக்குக் கிட்ட ரெண்டு வயரும் இருக்குத்தானே. சின்னப் பெட்டி ஒண்டை அங்கை ஒளிச்சு வைப்பம். பழைய சுவிச்சும் வேலை செய்யும், போனும் வேலை செய்யும்."

அப்படியே செய்தான். சுவரின் தடிப்பு இணையத்தையும் மறித்தது. ஹோலில் இருந்த ரவுட்டரின் அலை அவள் அறைக்குள் வரும்போது சாகக்கிடந்தது. அதற்கும் இடையில் இன்னொரு பெட்டி வைக்க வேண்டியிருந்தது. மோட்டருக்கு ஒன்று, ஃபானுக்கு ஒன்று, படலையில் கமரா ஒன்று என்று சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. அவளுடைய சம்பாத்தியம் அனுமதித்த வேகத்தில்தான் எல்லாம் நடந்தது. ஒரு மாதம் ஃபான், அடுத்த மாதம் மோட்டர்.

கஷ்டம் கொடுத்தது கதவுதான். முன்கதவு இரட்டைக் கதவு. மேலும் கீழும் தாழ்ப்பாள். எந்தப் பூட்டும் அதற்குப் பொருந்தவில்லை. ஆகவே முன்கதவை உள்ளே தாழிட்டுவிட்டு, குசினிக் கதவில் மின்சாரப் பூட்டு ஒன்றைப் பொருத்தினார்கள். காலையில் கிருசாந்தி வந்து நின்றால், கேதீஸ்வரி கட்டிலில் கிடந்தபடியே போனைத் தட்டுவாள். கதவு திறக்கும்.

"கரண்ட் போனால் இது பூட்டினபடி நிக்கும்" என்று கிளின்ரன் சொன்னான். "பூட்டுக்கும் ரவுட்டருக்கும் ஒரு பற்றறி குடுத்திருக்கிறன். அரைநாள் தாங்கும்."

"அரைநாளுக்கு மேலை இப்ப கரண்ட் எங்கை போகுது?" என்றாள் அவள். கிளின்ரனும் தலையாட்டிக்கொண்டான்.

வாயால் சொல்லி விளக்கைப் போடவும் ஏற்பாடு செய்தான். போன் புத்தகத் தமிழை ஓரளவு விளங்கிக்கொண்டது. ஆனால் "லைற்றை நூர்" என்று அவள் ஊர்ப் பேச்சில் அணைக்கச் சொன்னால் அதற்குப் பிடிபடவில்லை. நூர் என்பதை நூறு என்று எழுதிக் காட்டியது. தமிழ் படிப்பிக்கிறவள் ஒரு போனுக்காகத் தன் பேச்சை மாற்றிக்கொள்ள விரும்பவில்லை. நூறு என்று கேட்டால் விளக்கை நிறுத்து என்று அதற்கே ஒரு கட்டளையை எழுதி வைத்தாள். அன்று அம்மா செத்ததற்குப் பிறகு முதன்முறையாக அவள் சிரித்ததைக் கிருசாந்தி கண்டாள்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒரு வழுவழுப்பான பலகையை வைத்து, கைபலத்தால் நகர்ந்து இறங்கவும் ஏறவும் பழகினாள். அம்மா இருக்கும் வரைக்கும் அவள் அதைப் பழகவில்லை. அம்மா விடவில்லை என்பதும் உண்மை. தனக்கு அந்தத் துணிவு வரவில்லை என்பதும் உண்மை.

ஹோலில் இருந்த கமராவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. பாரிசில் கணநாதன் வேலைக்குப் போகும் வழியில் ரயிலில் இருந்தபடி பார்ப்பான். பார்த்துவிட்டுப் போன் எடுப்பான்.

"ஏன் இன்னும் சாப்பிடேல்லை?"

"பசிக்கேல்லை அண்ணை."

"கிருசாந்தி எங்கை? இவ்வளவு நேரமாக் காணேல்லை."

ஒருநாள் அவள் உடையில் சிறுநீர் கசிந்திருந்தது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு அறைக்குப் போகும்போது மேலே அந்தச் சின்னச் சிவப்பு வெளிச்சத்தைக் கண்டாள். ஆஸ்பத்திரி வாட்டில் திரை இல்லாமல் கிடந்த நாட்கள் அவளுக்கு ஞாபகம் வந்தன. அன்று பின்னேரம் கிருசாந்தியிடம் சொல்லி அந்தக் கமராவைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டாள்.

அண்ணன் கேட்டபோது மறைக்காமல் சொன்னாள். "படலையைப் பாருங்கோ. முற்றத்தைப் பாருங்கோ. என்னைப் பாக்காதேங்கோ."

அவன் பிறகு சில வாரங்கள் போன் எடுக்கவில்லை.

கார்த்திகையில் மழை இடைவிடாமல் பெய்தது. கிருசாந்தியின் புருசனுக்குக் காய்ச்சல் கடுமையாகி, அவள் அவனை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன் என்று சொல்லி, பகல் சாப்பாட்டையும் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். காற்று எழும்பியது. தீவையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் பண்ணைத் தாம்போதிக்கு மேலால் கடல் அடித்து, வாகனங்களை மறித்துவிட்டார்கள். மின்சாரம் காலையிலேயே போயிருந்தது. மத்தியானத்தில் ரவுட்டர் ஓய்ந்தது. பிறகு போன் கோபுரமும் செத்துவிட்டது.

கேதீஸ்வரி பயப்படவில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கட்டிலுக்குப் போய்விட நினைத்தாள். பலகையை வைத்து நகர்ந்தாள். ஈரக் கையோ, கூரை ஒழுக்கில் நனைந்த பலகையோ தெரியாது, அது வழுக்கியது. அவள் நிலத்தில் விழுந்தாள். வலது கால் அவளுக்குக் கீழே மடிந்து கிடந்தது.

நோவே இல்லை. அதுதான் அவளைப் பயப்படுத்தியது. கால் முறிந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கையால் தடவிப் பார்த்தாள். தொடை இருக்கக் கூடாத இடத்தில் புடைத்திருந்தது.

கத்தினாள். மழை ஓட்டில் விழும் இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. இருட்டும்போது பழக்கதோஷத்தில் "லைற்றைப் போடு" என்று சொன்னாள். பிறகு அதை எண்ணி அழுதாள். குசினிக் கதவுக்குக் கீழால் வந்த தண்ணீர் ஹோலைக் கடந்து அறைக்குள் மெதுவாக ஊர்ந்து வந்து அவள் முதுகை நனைத்தது. கட்டில் விரிப்பை இழுத்து மேலே போர்த்திக்கொண்டாள். அம்மா தனக்கு முன்பே போனது நல்லது என்று முதன்முறையாக நினைத்தாள். தன்னை இப்படிப் பார்க்க வேண்டியதில்லை என்றுதான்.

விடிந்து தாம்போதி திறந்தவுடன், முதல் வாகனத்தில் ஏறிக் கிருசாந்தி வந்து சேர்ந்தாள். முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. குசினிக் கதவின் பூட்டு செத்துக் கிடந்தது.

"அக்கா! கேதீசக்கா!"

உள்ளிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல். "கீழை கிடக்கிறன். பயப்பிடாதையும்."

கிருசாந்தி கதவில் தோளால் மோதினாள். அந்தக் காலத்துப் பலகை, அசையவில்லை. யன்னல்களுக்கெல்லாம் இரும்புக் கம்பி. உதவிக்கு ஆள் தேடி ஒழுங்கைக்கு ஓடியபோது, கிளின்ரன் விழுந்த மரங்களுக்கு மேலால் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்தான். யாரும் கூப்பிட்டு வரவில்லை. கரண்ட் வராமல் ஒரு பகல் கழிந்ததும் அவனுக்கு அந்தப் பூட்டின் நினைவு வந்திருக்கிறது. அலவாங்குக் கம்பியால் கதவின் நிலையைப் பிளந்து திறந்தான். உள்ளே வந்து அவளைக் கண்டதும், தண்ணீருக்குள் முழங்காலில் இருந்துவிட்டான்.

"நான்தான் அக்கா. நான்தான் உங்களைப் பூட்டி வைச்சனான்."

"நானுந்தானே கேட்டுப் பூட்டினனான்" என்றாள் கேதீஸ்வரி. அவள் பற்கள் அடித்துக்கொண்டிருந்தன. "முதலிலை காலைப் பாரும்."

தொடை எலும்பு முறிந்திருந்தது. யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்தார்கள். தண்ணீரில் கிடந்ததில் நெஞ்சில் சளி கட்டி, முதுகில் புண்ணும் வந்தது. கணநாதன் போனில் அழுதான், பிறகு கோபப்பட்டான்.

"அந்தக் கமராவைத் திருப்பாமல் விட்டிருந்தால் நான் பாத்திருப்பன்."

"இன்ரநெற் இல்லை அண்ணை. நீங்கள் பாத்திருக்க ஏலாது."

"இனிக் காணும் தங்கச்சி" என்றான் கடைசியில்.

அவளுக்கும் இனிப் போதும் என்றுதான் இருந்தது. "ஓம் அண்ணை" என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அவளை நேரே அந்த இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அந்த இடத்தைப் பற்றி அவள் பிற்காலத்திலும் ஒரு குறை சொன்னதில்லை. சுத்தமான இடம். அவளைத் தூக்கிய பெண்கள் பக்குவமாகத் தூக்கினார்கள். புண் ஆறியது. பக்கத்துக் கட்டிலில் நிலாந்தினி என்று ஒருத்தி இருந்தாள். வன்னியில் இரண்டு காலையும் இழந்தவள். கேதீஸ்வரியைவிடப் பத்து வயது இளையவள். முதல் வாரத்தில் நிலாந்தினி கேட்டாள்.

"உங்களுக்கு வீடு இருக்கோ அக்கா?"

"இருக்கு."

"ஆர் இருக்கினம் அங்கை?"

"ஒருத்தரும் இல்லை."

"அப்ப ஆர் லைற் போடுறது?"

சும்மா கேட்ட கேள்வி. கேதீஸ்வரி தன் வீட்டைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். மோட்டரை எப்படி நிறுத்துவாள், படலையில் மீன்காரன் வந்து நின்றால் கட்டிலில் இருந்தபடியே அவனோடு எப்படிப் பேசுவாள், விருப்பமான நேரத்தில் எழும்பி விளக்கைப் போட்டு எப்படி வாசிப்பாள் என்றெல்லாம். நிலாந்தினி அவள் பக்கம் திரும்பிப் படுத்துக் கேட்டாள். முடிந்ததும், "நான் எண்டால் திரும்பிப் போவன்" என்று மட்டும் சொன்னாள். அந்த மண்டபத்தின் விளக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே சுவிச், அது மற்றக் கோடியில் இருந்தது. இரவில் வேளைக்கே நிறுத்திவிடுவார்கள். அதனால் கனடாப் பிள்ளைகளின் இரவு வகுப்புகள் நின்றுபோயிருந்தன.

தைப்பொங்கலுக்குப் பிறகு கிருசாந்தியும் கிளின்ரனும் பார்க்க வந்தார்கள். கிளின்ரன் ஒரு சாதாரணத் திறப்பைக் கேதீஸ்வரியின் கையில் வைத்தான்.

"பூட்டை மாத்திப்போட்டன் அக்கா. இப்ப திறப்பாலையும் திறக்கலாம், போனாலையும் திறக்கலாம். ஒரு திறப்பு கிருசாந்தியிட்டை. ஒண்டு சந்திக் கடையிலை. கூரையிலை சின்னச் சோலார் தகடு ஒண்டும் வைச்சிருக்கிறன், பூட்டுக்கும் ரவுட்டருக்கும்."

"ஆர் உம்மைச் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. நீங்கள் வராட்டியும் பறவாயில்லை. அது அப்பிடி இருக்கக் குடாது, அவ்வளவுதான்."

அம்மாவின் ஆட்டைத்திவசத்துக்குக் கணநாதன் வந்தான். திவசம் வீட்டில்தான் செய்ய வேண்டும் என்று தங்கை கேட்டாள். அதை மறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. அவளைக் கூட்டிக்கொண்டு புளியங்கூடலுக்கு வந்தான். ஐயர் வந்தார், பிண்டம் வைத்தார்கள், சனம் சாப்பிட்டுப் போனது.

அடுத்த நாள் காலையில் கிருசாந்தி வரப் பிந்தியது. கேதீஸ்வரி கட்டிலிலிருந்து அண்ணனைக் கூப்பிட்டாள்.

"என்னைத் தூக்க வேணும் அண்ணை."

கணநாதன் வந்து நின்றான். தங்கைக்கு அடிபட்ட இந்த முப்பது வருடத்தில் அவன் ஒரு தடவைகூட அவளைத் தூக்கியதில்லை. வரும்போதெல்லாம் அம்மா இருந்தாள். பிறகு கிருசாந்தி இருந்தாள்.

"முதுகை வளைக்காதேங்கோ. முழங்காலை மடிச்சு நில்லுங்கோ. இந்தக் கையை இஞ்சாலை குடுங்கோ. நான் உங்கடை கழுத்தைப் பிடிக்கிறன். இப்ப."

தூக்கினான். அவளை இருத்திவிட்டு, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினான்.

"அம்மா ஒவ்வொரு நாளும் இப்பிடியோ?"

"ஓம். ஒரு நாளைக்குக் கனதரம்."

அவன் எழுந்து பின்வளவுக்குப் போனான். கிணற்றடியில் நின்றவன் நீண்ட நேரம் உள்ளே வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தான்.

"நீ எங்கை இருக்க விரும்புறாய்?" என்று கேட்டான். அதுவரை அவன் அதை ஒரு கேள்வியாகக் கேட்டதில்லை.

"இஞ்சை."

"பயமில்லையோ?"

"பயம்தான். அண்டைக்குக் கிடந்ததை மறக்கேல்லை. மறக்கவும் மாட்டன். ஆனா பயத்தோடை அங்கை இருக்கிறதுக்கு, பயத்தோடை இஞ்சை இருக்கலாம்."

கணநாதன் போவதற்கு முன் கிளின்ரனோடு சேர்ந்து குசினி வாசலுக்குச் சீமெந்துச் சரிவு ஒன்று போட்டான். நிலத்திலிருந்து கைக்கெட்டும் உயரத்தில், அறையிலும் குளியலறையிலும் அவசர அழைப்புப் பொத்தான்களை வைத்தார்கள். அமுக்கினால் கிருசாந்தி வீட்டில் ஒரு மணி அடிக்கும்; அது இணையம் இல்லாமலே வேலை செய்வது. ஹோலில் இருந்த கமராவை அவன் தானே கழற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டான்.

இப்போது கேதீஸ்வரி அங்கேதான் இருக்கிறாள். முறிந்த கால் சற்றுக் குட்டையாகிவிட்டது. பலகையில் தனியே நகர அவளுக்கு இனித் துணிவில்லை. ஆகவே கிருசாந்தி முன்பைவிட அடிக்கடி வர வேண்டியிருக்கிறது. உப்புக் காற்றில் சாமான்கள் துருப்பிடித்து ஒவ்வொன்றாகப் பழுதாகின்றன. படலைக் கமரா இரண்டு தடவை மாற்றியாயிற்று. நிலாந்தினி ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் கதைப்பாள். வன்னியில் அவளுக்கு ஒரு துண்டுக் காணி இருக்கிறதாம். வீடு கட்டினால் எத்தனை சுவிச், எந்த உயரத்தில் என்று இருவரும் மணிக்கணக்காகப் பேசுவார்கள். வீடு கட்டுப்படுமா என்பது இருவருக்கும் தெரியாது.

அண்மையில் ஒரு காலை, அவளைத் தூக்கி இருத்தும்போது கிருசாந்தி கேட்டாள்.

"எனக்கும் வயசு போகுது அக்கா. உங்களைத் தூக்க எனக்கு ஏலாமல் வந்தால் என்ன செய்வியள்?"

கேதீஸ்வரி கால்களை ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து நாற்காலியின் மிதிபலகையில் வைத்தாள்.

"அண்டைக்கு அந்த இல்லத்துக்குப் போவன்" என்றாள். "அது வரைக்கும் இஞ்சை இருப்பன்."

கிருசாந்தி அவள் தலைமயிரை வாரிக் கட்டத் தொடங்கினாள்.